சிலோனில் இருந்து வந்த குடும்பங்களும் நாடாளுமன்றமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் பக்கம் தாயகம் திரும்பிய (ரிப்பாட்ரியேட்) குடும்பங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களின் தொகுப்பு இது. டெல்லியில் குடியுரிமை பற்றி விவாதம் எழும்போதெல்லாம் இதே கேள்விகள் வருகின்றன. கேட்டவர்கள் பேச்சு அப்படியே இருக்கிறது. வரிசையாகப் படித்தால் நல்லது, பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி எழுதப்பட்டவை.

1. எங்க தாத்தா சிலோன்ல இருந்து வந்தவரு. நாங்க இந்தியக் குடிமக்களா, அகதிகளா?

குடிமக்கள். இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்திட்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி வந்தவர்கள், இங்கே வந்த பிறகு குடியுரிமை வாங்கியவர்கள் அல்ல. கப்பல் ஏறுவதற்கு முன்பே, இலங்கையில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகத்தில், 1955-ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் கீழ் இந்தியராகப் பதிவாகி, இந்தியப் பாஸ்போர்ட்டோடு தலைமன்னாரில் கப்பல் ஏறியவர்கள். அவர்களை அகதி என்று எழுதும் எந்தப் படிவமும் தவறு. பள்ளியிலோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ அப்படி எழுதினால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். ஒரு பதிவேட்டில் ஏறிய 'அகதி' என்ற சொல் அடுத்த பத்துப் பதிவேடுகளுக்கும் போகும்.

2. அங்கேயே பொறந்து வளர்ந்தவங்கள ஏன் அனுப்பினாங்க? யாரு முடிவு பண்ணது?

தொடக்கம் இலங்கை நாடாளுமன்றத்தில். 1947 தேர்தலில் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தில் இருந்து இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் 7 பேர் வென்றார்கள், அவர்களில் ஒருவர் தோட்டத் தொழிலாளர் தலைவர் தொண்டமான். அடுத்த ஆண்டே டி.எஸ். சேனநாயக்க அரசு கொண்டுவந்த 1948-ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டம், தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1949-இல் வந்த இன்னொரு சட்டம் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க ஒரு வழி விட்டது: மணமானவர் 7 ஆண்டு, மணமாகாதவர் 10 ஆண்டு இடைவிடாமல் அங்கே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். லயன் வீட்டில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) இருந்தவரிடம் அதற்கான காகிதம் எங்கே இருக்கும்? அதே 1949-இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி வாக்குரிமையையும் எடுத்தார்கள்.

தமிழ் உறுப்பினர்கள் எல்லோரும் ஒரே பக்கம் நிற்கவில்லை. இந்த விவகாரத்தில்தான் செல்வநாயகம் பொன்னம்பலத்தின் தமிழ்க் காங்கிரஸ் கட்சியை விட்டுப் பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

பிறகு இரண்டு அரசுகளும் பேசி ஆட்களைப் பங்கிட்டன. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974-இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இந்திய நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு நடந்து இது முடிவானது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. நம் நாட்டில் வெளிநாட்டு ஒப்பந்தம் போடுவது அரசின் அதிகாரம். அவையில் விவாதிக்கலாம், கண்டிக்கலாம், ஆனால் கையெழுத்துப் போட அவையின் ஒப்புதல் தேவையில்லை.

3. வீட்டுல பழைய பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் இருக்கு. அது போதுமா?

போதும், அவை இருக்கும் வரை. தூதரக அலுவலகம் கொடுத்த அந்தக் குடும்ப அட்டை ரேஷன் கார்டு அல்ல. குடும்பத்தலைவர், கூட வந்தவர்கள், மறுவாழ்வு உதவி எதற்கு என்ற விவரம் எல்லாம் அதில் இருக்கும். குடியுரிமை பற்றிக் கேள்வி வந்தால் முதலில் நீட்ட வேண்டியது பாஸ்போர்ட்டும் இதுவும்தான். ஆதார் அல்ல: ஆதார் குடியுரிமைக்குச் சான்றாகாது என்று 2016 ஆதார் சட்டத்தின் 9-ஆம் பிரிவே சொல்கிறது.

அட்டையை லேமினேஷன் செய்யாதீர்கள். மலைக் குளிருக்கும் ஈரத்துக்கும் பழைய தாள் பூஞ்சை பிடிக்கும் என்பதால் பலர் செய்கிறார்கள். பின்பக்கத்து முத்திரையில் மை மங்கிப் போனால் மூலத்தைச் சரிபார்க்கும் அலுவலர் சந்தேகப்படுவார். இரண்டு பக்கமும் வண்ண நகல் எடுத்து, ஸ்கேன் செய்து வைத்துவிட்டு, மூலத்தைப் பிளாஸ்டிக் உறையில் சும்மா போட்டு வையுங்கள்.

அதிகம் சிக்குவது பெயரில். பாஸ்போர்ட்டில் எழுத்தர் ஆங்கிலத்தில் எழுதிய எழுத்துக்கூட்டு ஒன்று, தோட்டத்துப் பேரேட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று, இங்கே பள்ளிச் சான்றில் மூன்றாவது ஒன்று. முத்துக்கருப்பன் ஒரு தாளில் கருப்பன், இன்னொன்றில் எம். கருப்பையா. இப்படி இருந்தால் எல்லாப் பெயரையும் வரிசையாக எழுதி, அத்தனையும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன்னால் பிரமாணப் பத்திரம் போட்டு, அந்தந்த ஆவணத்தின் எண்ணையும் தேதியையும் அதில் குறிப்பிடுங்கள். எண் இல்லாத பிரமாணப் பத்திரத்தை யாரும் மதிப்பதில்லை.

4. அட்டை தொலஞ்சு போச்சு, அப்பாவும் இல்ல. இப்ப என்ன செய்ய?

வேறு பதிவேடுகளில் அதே ஆள் இருப்பார். குடும்பத்தில் யாராவது டான்டீயில் (தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தில்) வேலை செய்திருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டு 1975-இல் கழகம் ஆயின. பணிப் பதிவேடு குன்னூர்த் தலைமை அலுவலகத்திலோ அந்தந்தக் கோட்டத்திலோ இருக்கும். அடுத்தது பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, பழைய வாக்காளர் பட்டியல், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மறுவாழ்வுப் பணிகளைப் பார்க்கும் பிரிவு, சென்னையில் மறுவாழ்வுத் துறை ஆணையரகம்.

நேரில் கேட்டு அலைவதை விட தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுவது மேல். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். 'என் தந்தை இந்தியரா' என்று கேட்காதீர்கள், அது கருத்து கேட்பது, தள்ளிவிடுவார்கள். 'இன்ன பெயரில், ஏறத்தாழ இன்ன ஆண்டில், மண்டபம் முகாம் வழியாக வந்த குடும்பத்தின் பதிவேட்டுப் பக்கத்தின் சான்றிட்ட நகல் வேண்டும்' என்று கேளுங்கள். வந்த ஆண்டு சரியாகத் தெரியாவிட்டால் இங்கே வந்து முதலில் பிறந்த பிள்ளையின் வயதை வைத்து இரண்டு மூன்று ஆண்டு இடைவெளி கொடுங்கள்.

5. சிஏஏ வந்துச்சே, அதுல நம்மள ஏன் சேர்க்கல?

நீங்கள் ஏற்கெனவே குடிமக்கள் (கேள்வி 1), உங்களுக்கு அது தேவையே இல்லை. தேவைப்படுவது 1983-க்குப் பிறகு போரால் ஓடி வந்து அகதி முகாம்களில் இருப்பவர்களுக்கு. சிஏஏ எனப்படும் 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளில் இருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறித்தவர்களுக்கு மட்டும். இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை.

அவையில் இதைக் கேட்டபோது அரசுத் தரப்பு சொன்ன பதிலில் ஒன்று, 1964-க்குப் பிறகு லட்சக்கணக்கான இலங்கைத் தமிழருக்குக் குடியுரிமை கொடுத்திருக்கிறோம் என்பது. எண்ணிக்கை பொய்யல்ல, ஆள்தான் வேறு. அது ஒப்பந்தத்தில் வந்த உங்கள் தாத்தாக்களின் கணக்கு. முகாமில் இருப்பவரைப் பற்றிக் கேட்டால் கோத்தகிரியில் இருப்பவரைக் காட்டிய கதை. இந்தக் குழப்பத்தை எடுத்துச் சொல்ல இந்த மலையில் இருப்பவர்களைப் போலத் தகுதி வேறு யாருக்கும் இல்லை.

6. நம்ம எம்.பி.க்கள் எதிர்த்தாங்கன்னு சொன்னாங்க. அப்புறம் எப்படி நிறைவேறுச்சு?

2019 டிசம்பர் 9 நள்ளிரவு தாண்டி மக்களவையில் ஆதரவு 311, எதிர்ப்பு 80. டிசம்பர் 11 அன்று மாநிலங்களவையில் 125-க்கு 105. திமுக இரண்டு அவையிலும் எதிர்த்தது, அதிமுக ஆதரித்தது. தமிழ்நாட்டுக்கு மக்களவையில் 39 இடம், மாநிலங்களவையில் 18. முழுப் பேரும் ஒரே பக்கம் நின்றாலும் மக்களவைக் கணக்கு மாறியிருக்காது. மாநிலங்களவையில் இடைவெளி 20 வாக்குதான் என்பதைக் கவனியுங்கள்.

இதே நோக்கத்தில் 2016 ஜூலையில் ஒரு மசோதா வந்தது பலருக்கு நினைவில்லை. கூட்டுக் குழுவுக்குப் போய், 2019 ஜனவரி 8 அன்று மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையில் எடுக்கப்படாமலே மக்களவையின் ஆயுள் முடிந்ததால் காலாவதியானது. கூட்டுக் குழு மக்களிடம் கருத்து கேட்கும் காலம்தான் வெளியில் இருப்பவர்கள் எழுதி அனுப்பக்கூடிய காலம். 2019 டிசம்பரில் அப்படி ஒரு கட்டமே வரவில்லை, மூன்றே நாளில் முடிந்தது.

7. சட்டசபையில தீர்மானம் போட்டாங்களே, அது செல்லாதா?

2021 செப்டம்பர் 8 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் சிஏஏ சட்டத்தைத் திரும்பப் பெறக் கோரியது. அது கோரிக்கை. குடியுரிமை அரசமைப்பின் ஒன்றியப் பட்டியலில் 17-ஆவது இனம், மாநிலம் சட்டம் போட முடியாது.

8. தோணியில வந்தவங்கள்லயும் நம்ம தோட்டத்து ஆளுங்க இருக்காங்களே?

இருக்கிறார்கள், சிக்கலே அங்கேதான். ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தவர்கள் உண்டு. 1984-இல் தலைமன்னார் - ராமேஸ்வரம் கப்பல் நின்றது. வன்முறைக்குப் பயந்து வவுனியா, மன்னார் பக்கம் போய், அங்கிருந்து தோணியில் வந்தவர்கள் முகாம் பதிவேட்டில் அகதிகளாகவே ஏறினார்கள். அண்ணன் கப்பலில் வந்து குடிமகன், தம்பி தோணியில் வந்து 'சட்டவிரோதக் குடியேறி'. 2003-இல் நாடாளுமன்றம் செய்த திருத்தம்தான் இந்தச் சொல்லைக் கொண்டுவந்து, பதிவு மூலம் குடியுரிமை கேட்கும் வாசலையும் இவர்களுக்கு அடைத்தது. இந்திய வம்சாவளியினர் 7 ஆண்டு வாழ்ந்தால் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம் என்ற விதி இன்றும் இருக்கிறது, பாஸ்போர்ட் இல்லாமல் வந்தவருக்கு அது எட்டாது.

2019 ஜூனில் மதுரை உயர் நீதிமன்றக் கிளை, திருச்சி கொட்டப்பட்டு முதலிய முகாம்களில் இருந்த மலையக வம்சாவளியினர் தொடுத்த வழக்கில், அவர்களை அப்படி முத்திரை குத்தாமல் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கச் சொன்னது. வழக்குத் தொடுத்தவர்களுக்கான உத்தரவு அது. உங்கள் உறவினருக்கும் தானாகப் பொருந்தும் என்று நம்பி இருக்க வேண்டாம். 1964-க்கு முந்தைய தோட்டப் பதிவு, இந்தியாவுக்கு விண்ணப்பித்த ரசீது ஏதாவது இருந்தால் அதை வைத்துத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

9. நான் ரிப்பாட்ரியேட் குடும்பம், என் வீட்டுக்காரி முகாம்ல இருந்து வந்தவ. பெரியவன் 2003, சின்னவ 2006. ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிதானே?

இல்லை. பிறப்பால் குடியுரிமை மூன்று காலமாகப் பிரிகிறது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தால் பெற்றோர் யாராக இருந்தாலும் இந்தியர்தான். (1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் தரும்படி 2022-இல் மதுரைக் கிளை உத்தரவிட்டது இந்த விதியை வைத்துத்தான்.) அன்று முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தால் தாய் தந்தையில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும். 2004 டிசம்பர் 3 முதல் இருவரும் இந்தியராக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்க வேண்டும்.

ஆகவே பெரியவன் சந்தேகமின்றி இந்தியன். சின்னவளின் நிலை, அம்மா எப்படி வந்தார் என்பதைப் பொறுத்தது. விசா முத்திரையோடு வந்திருந்தால் பிரச்சினை குறைவு. தோணியில் வந்திருந்தால், மகளுக்கு 18 வயது ஆகும் முன்பே குடியுரிமைச் சட்டத்தின் 5(4)-ஆம் பிரிவில் விண்ணப்பித்திருக்க வேண்டும்: சிறப்புச் சூழ்நிலையில் எந்த மைனரையும் மத்திய அரசு குடிமகனாகப் பதிவு செய்யலாம் என்கிறது அது. 2006-இல் பிறந்தவருக்கு அந்த வாசல் மூடிவிட்டது. தம்பி தங்கை இருந்தால் அவர்களுக்காவது உடனே செய்யுங்கள். பிறந்த தேதியைத் திருத்தலாமா என்று கேட்பவர்களும் உண்டு. வேண்டாம், மருத்துவமனைப் பதிவேடு காட்டிக்கொடுத்துவிடும், பிறகு பெரியவனின் காகிதத்தையும் சந்தேகிப்பார்கள்.

10. 2025ல ஒரு புதுச் சட்டம் வந்துச்சாமே, முகாம்ல இருக்கறவங்கள அனுப்பிடுவாங்களா?

குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம், 2025. 1946-ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டம் உட்பட நான்கு பழைய சட்டங்களை நீக்கிவிட்டு 2025 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் கீழ் வந்த விலக்கு உத்தரவில் 2015 ஜனவரி 9 வரை தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாமைக்கான தண்டனையில் இருந்து விலக்கு உண்டு. விலக்கு வேறு, குடியுரிமை வேறு. முகாம் பதிவு விட்டுப் போனவர்கள்தான் கவலைப்பட வேண்டியவர்கள்.

11. எம்.பி.கிட்ட மனு கொடுத்துக்கிட்டே இருக்கோம், ஒண்ணும் நடக்கல. எப்படிக் கொடுத்தா வேலைக்காகும்?

'எங்கள் சமுதாயத்தின் நீண்டநாள் கோரிக்கையைப் பரிவுடன் பரிசீலித்து ஆவன செய்ய' என்று எழுதினால் அது கோப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். எம்.பி.யின் உதவியாளர் அப்படியே எடுத்து அனுப்பக்கூடிய கேள்வியாக எழுதிக் கொடுங்கள். விதி கேட்பது இவ்வளவுதான்: ஒரே பொருள், சுமார் 150 சொல்லுக்குள், தகவல் கேட்க வேண்டும், கருத்து கேட்கக் கூடாது, யூகம் கூடாது, மாநில அரசின் வேலையாக இருக்கக் கூடாது, நீதிமன்றத்தில் இருப்பதாக இருக்கக் கூடாது. இப்படி இருக்கலாம்:

'உள்துறை அமைச்சர் தெரிவிப்பாரா: (அ) 1964 ஒப்பந்தத்தின் கீழ் இந்தியக் குடிமக்களாகப் பதிவு செய்யப்பட்டுத் தமிழ்நாடு வந்தோரின் பதிவேடுகள் இப்போது எந்த அலுவலகத்தில் உள்ளன, (ஆ) குடும்ப அட்டையைத் தொலைத்தவர்களுக்குச் சான்றிட்ட நகல் தர நடைமுறை உண்டா, (இ) உண்டெனில் அதன் விவரம், இல்லையெனில் காரணம்?'

குறைந்தது 15 முழு நாள் முன்னறிவிப்பு வேண்டும், ஆகவே கூட்டத்தொடர் அறிவிப்பு வந்த வாரமே கொடுங்கள். தொடர் தொடங்கிய பிறகு டெல்லிக்குப் போய்ப் படம் எடுத்து வருவதில் பயனில்லை. மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் கேள்வி (அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்வது) 20, எழுத்தில் பதில் தரும் கேள்வி 230, குலுக்கலில் தேர்வாகும். நட்சத்திரக் கேள்விக்குத்தான் எல்லோரும் ஆசைப்படுகிறார்கள். ஆவணம் வேண்டும் என்றால் எழுத்துப் பதிலே மேல், நாளைக்கு அதைக் கையில் வைத்து வட்டாட்சியரிடம் பேசலாம்.

அமைச்சகம் மாறிப்போனால் கேள்வி நாள்கணக்கில் வீணாகும். குடியுரிமையும் மறுவாழ்வும் உள்துறை, பாஸ்போர்ட் வெளியுறவு, தேயிலை வாரியம் வணிகத் துறை, பட்டியல் சாதி விவகாரம் சமூக நீதித் துறை.

12. கேள்வியத் தவிர வேற வழி இல்லையா?

கேள்வி நேரத்துக்குப் பிந்தைய பூஜ்ய நேரத்தில் எம்.பி. பேசலாம், அமைச்சர் பதில் சொல்லக் கட்டாயமில்லை. மக்களவையின் 377-ஆவது விதியில் 250 சொல்லுக்குள் எழுதிக் கொடுத்தால் அமைச்சர் பின்னால் கடிதத்தில் பதில் தருவார், இது பலர் பயன்படுத்தாத நல்ல வழி. அமைச்சர் அல்லாத எம்.பி. கொண்டுவரும் தனிநபர் மசோதா செய்திக்கு உதவும், சட்டமாகும் என்று எதிர்பார்க்காதீர்கள்: கடைசியாக ஒன்று நிறைவேறியது 1970-இல்.

மக்களவைக்கு நீங்களே மனு எழுதலாம். எம்.பி. ஒருவர் மேலொப்பம் இட வேண்டும். தமிழில் எழுதினால் ஆங்கில அல்லது இந்தி மொழிபெயர்ப்பும் சேர்த்து அதிலும் கையெழுத்திட வேண்டும். ஒவ்வொருவரும் முழுப் பெயர், முகவரி, கையெழுத்து, எழுதத் தெரியாதவர் கைரேகை. இணைப்பாகப் பிரமாணப் பத்திரமோ கடிதமோ வைக்கக் கூடாது. கேள்வி 3-இல் சொன்ன பிரமாணப் பத்திரத்தை இங்கே குத்தி அனுப்பித் திருப்பி வாங்காதீர்கள்.

13. எங்க எம்.பி. யாருன்னே குழப்பமா இருக்கு.

ஊட்டி, குன்னூர், கூடலூர் மூன்று சட்டமன்றத் தொகுதியும் நீலகிரி மக்களவைத் தொகுதி. கூடவே மேட்டுப்பாளையம், அவினாசி, பவானிசாகர் என்று சமவெளியும் சேரும். வால்பாறையில் டான்டீ தோட்டத்தில் இருப்பவர்களுக்குப் பொள்ளாச்சி, கொடைக்கானலில் இருப்பவர்களுக்குத் திண்டுக்கல். மாநிலங்களவை உறுப்பினர்களுக்குத் தொகுதி எல்லை கிடையாது, 18 பேரில் யாரிடமும் கொடுக்கலாம். ஒரே கேள்வியை இரண்டு அவையிலும் இருவர் கேட்டால் நல்லது.

14. டான்டீ லயன் வீடு, செக்‌ஷன் 17 நிலம் பத்தி டெல்லில பேசச் சொல்லலாமா?

வீடும் நிலமும் சென்னை. டான்டீ மாநில அரசுக் கழகம். செக்‌ஷன் 17 என்பது 1969-ஆம் ஆண்டு கூடலூர் ஜன்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தில் தோட்டக் குத்தகை நிலம் பற்றிய பிரிவு, அதுவும் மாநிலச் சட்டம். டெல்லியில் கேட்டால் 'இது மாநிலப் பொருள்' என்று ஒரு வரி வரும். இதற்குச் சட்டமன்ற உறுப்பினரைப் பிடியுங்கள். காடு என்று வகைப்படுத்தப்பட்ட பகுதிக்கு மத்திய அனுமதி தேவைப்படும் இடத்தில் மட்டும் டெல்லிக்கு வேலை உண்டு.

15. படுகர்கள் எஸ்.டி. கேக்கறாங்களே, அதுவும் இதே வழிதானா?

பாதி. அரசமைப்பின் 342-ஆவது உறுப்பின்படி பட்டியலில் சேர்க்க நாடாளுமன்றச் சட்டம் வேண்டும். ஆனால் கேள்வியால் அது நகராது: மாநில அரசு பரிந்துரைக்க வேண்டும், இந்தியத் தலைமைப் பதிவாளரும் தேசியப் பழங்குடியினர் ஆணையமும் ஒப்ப வேண்டும், பிறகுதான் அமைச்சரவையும் மசோதாவும். தமிழ்நாட்டு நரிக்குறவர், குருவிக்காரரைச் சேர்க்கும் மசோதா 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது இந்தப் படிகளில் ஏறித்தான்.

16. பதில் வந்துச்சான்னு எப்படித் தெரியும்? 'தகவல் திரட்டப்படுகிறது'ன்னு மட்டும் வந்தா?

கேள்வியின் எண்ணையும் தேதியையும் எம்.பி. அலுவலகத்தில் கேட்டு வாங்கி வையுங்கள். மக்களவை இணையதளத்தில் அந்த எண்ணைத் தேடினால் பதில் அப்படியே கிடைக்கும், அதை அச்செடுத்துக்கொள்ளலாம்.

'தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்' என்பது கைவிரிப்பு அல்ல. அவை கணக்கில் அது உறுதிமொழி, மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும், அரசு உறுதிமொழிகள் குழு அதைக் கண்காணிக்கிறது. மூன்று மாதம் தாண்டினால் எண், தேதி குறிப்பிட்டு அந்தக் குழுவின் தலைவருக்கு எம்.பி. வழியாக எழுதுங்கள். மோசமான பதில் 'இத்தகைய தரவு மத்திய அளவில் பராமரிக்கப்படுவதில்லை' என்பதுதான், அதில் உறுதிமொழி எதுவும் இல்லை. அது வந்தால் அடுத்த தொடரில் எண்ணிக்கையைக் கேட்காமல், கேள்வி 11-இல் உள்ள (அ) போலப் பதிவேடு எங்கே, யார் பொறுப்பில் என்று கேளுங்கள்.